எஸ்டிமேட்டில் எழுதாமல் விட்ட சொற்கள்

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்சண்டைசராக வேலை பார்க்கிறேன். நூல் எத்தனையாம் நம்பர், துணி எத்தனை ஜிஎஸ்எம், துவைத்தால் எத்தனை சதவீதம் வரை சுருங்கலாம் என்பதையெல்லாம் எழுத்தில் வாங்காமல் ஒரு கிலோ துணிக்குக்கூட ஆர்டர் போடாத தொழில் இது. 2023 ஆடி மாதத்தில் கேமிங் கம்ப்யூட்டர் வாங்குவதற்காகக் கோவை காந்திபுரத்தில் ஒரு கடையில் எஸ்டிமேட் கேட்டபோது, 'பிராசசர் ரைசன் 5 5600, போர்டு பி450, ரேம் 16 ஜிபி, ஆர்டிஎக்ஸ் 3060, எஸ்எஸ்டி 500, கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்' என்று ஆறே வரிகளில் முடித்து, மானிட்டர் நீங்கலாக 68,500 ரூபாய் என்று அடியில் எழுதிக் கொடுத்தார்கள். கம்ப்யூட்டர் கடைகளில் இப்படி எழுதுவதுதான் வழக்கம் என்றும், மற்றதையெல்லாம் தாங்களே பார்த்துப் போட்டுத் தருவதாகவும் சொன்னார்கள். ஆடியில் வாங்கிய அந்தப் பெட்டி ஒழுங்காக ஓடத் தொடங்கியது தீபாவளிக்குப் பிறகுதான். அதற்குள் மேற்கொண்டு 19,700 ரூபாய் செலவாகியிருந்தது. அதில் பெரும்பகுதி, அந்த ஆறு வரிகளில் எழுதாமல் விட்ட சொற்களுக்காகப் போன காசு. எந்தக் கிராபிக்ஸ் கார்டு வேகமானது என்று சொல்ல எனக்கு நூறு பேர் கிடைத்தார்கள். எஸ்டிமேட் தாளில் எதையெல்லாம் எழுதி வாங்க வேண்டும் என்று சொல்ல ஒருவரும் கிடைக்கவில்லை.

முதலில் கார்டு, அதாவது திரையில் காட்சியை வரைந்து தரும் கிராபிக்ஸ் கார்டு. ஆர்டிஎக்ஸ் 3060 என்பது 2021 பிப்ரவரியில் 12 ஜிபி நினைவகத்துடன் வெளிவந்தது. 2022-இன் இறுதியில் அதே பெயரிலேயே 8 ஜிபி வகை ஒன்றையும் இறக்கினார்கள். இரண்டுக்கும் இடையில் நினைவகத்தின் அளவு மட்டும் மாறியிருந்தால் பரவாயில்லை. நினைவகத்துக்கும் சிப்புக்கும் இடையிலுள்ள பாதையே 192 பிட்டிலிருந்து 128 பிட்டாகக் குறுகி, விநாடிக்கு 360 ஜிபி போய்வந்த இடத்தில் 240 ஜிபி மட்டுமே போகும்படி ஆகிவிட்டது. நான் பார்த்திருந்த சோதனைக் காணொளிகள் எல்லாம் 12 ஜிபி கார்டைப் பற்றியவை. கடையில் எல்லாவற்றையும் அவர்களே பூட்டி, காலி அட்டைப் பெட்டிகளைத் தனியாக ஒரு சாக்கில் கட்டிக் கொடுத்துவிட்டதால், வீட்டுக்கு வந்து ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தபோதுதான் 8192 எம்பி, 128 பிட் என்று திரையில் தெரிந்தது. உடனே கடைக்குப் போன் செய்தேன். "3060 கேட்டீங்க, 3060தானுங்க குடுத்திருக்கோம். அதுல என்னங்க தம்பி கொறை?" என்று கடைக்காரர் நிதானமாகக் கேட்டார். அவர் பொய் சொல்லியிருந்தால்கூட எனக்கு ஆத்திரம் குறைந்திருக்கும். சொன்னது முழுக்க உண்மை என்பதால் பதில் பேச வழியில்லாமல் போனை வைத்தேன். அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் பேசலாம் என்றும், மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு வழக்குக் கட்டணமே கிடையாது என்றும் அலுவலகத்தில் சொன்னார்கள். இரண்டும் சரியான தகவல்கள்தாம், தேவைப்படுகிறவர்கள் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் எஸ்டிமேட்டிலும் பில்லிலும் 'ஆர்டிஎக்ஸ் 3060' என்று மட்டுமே இருக்கும்போது எதைக் காட்டி முறையிடுவது? இந்தக் குழப்பம் அந்த ஒரு கார்டோடு முடிந்துவிடவும் இல்லை. 3050 என்ற பெயரில் 8 ஜிபி கார்டும் இருக்கிறது, அதைவிடச் சிறிய சிப் அமைப்புடன் 2024-இல் வந்த 6 ஜிபி கார்டும் இருக்கிறது. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ, ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி ஆகிய இரண்டுமே 8 ஜிபி, 16 ஜிபி என்று ஒரே பெயரில் இரண்டு வகையாகத்தான் விற்கின்றன. ஆகவே கார்டின் வரியில் நினைவகத்தின் அளவும், தயாரிப்பு நிறுவனத்தின் முழு மாடல் எண்ணும் இருக்க வேண்டும். முழு மாடல் எண்ணை வைத்து அந்த நிறுவனத்தின் தளத்தில் தேடினால் எத்தனை பிட், எத்தனை வாட், எத்தனை பின் கனெக்டர் என்பதெல்லாம் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நியாயத்துக்கு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வேலோரண்ட், கவுண்டர் ஸ்ட்ரைக் 2 போன்றவற்றை மட்டும் 1080பி திரையில் ஆடுகிறவருக்கு 8 ஜிபி கார்டே தாராளம். பெரிய நிலப்பரப்புள்ள புதிய கேம்களில் டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்பு நுணுக்கத்தை) உச்சத்தில் வைக்கும்போதுதான் நினைவகம் நிரம்பி, மிச்சம் மதர்போர்டு வழியாகச் சாதாரண ரேமுக்குப் போய்வரத் தொடங்கி, காட்சி விட்டுவிட்டு ஓடும். எனவே எனக்கு வந்த கார்டைத் தூக்கிப் போடவில்லை, இன்றும் அதில்தான் ஆடுகிறேன். ஈரோட்டில் இருக்கும் நண்பனுக்கு நேர்ந்தது இதைவிட மோசம். அவனுக்குக் கொடுத்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்ற கார்டு போர்டுடன் நான்கே தடங்களில்தான் பேசும்; பிசிஐஇ என்ற அந்தப் பாதையின் 4.0 தலைமுறை உள்ள போர்டில் அது சமாளித்துக்கொள்ளும், அவனுடைய பழைய 3.0 போர்டில் பாதை பாதியாகிவிட்டது. கார்டும் நல்ல கார்டுதான், போர்டும் நல்ல போர்டுதான், இரண்டையும் சேர்த்து விற்றதுதான் கோளாறு. பழைய கார்டு வாங்க நினைப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: கார்டுகளை வைத்து எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை ஈட்டும் மைனிங் முறை 2022 செப்டம்பரில் மாறியதும், அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் ஏராளமாகச் சந்தைக்கு வந்தன. அவற்றோடு 2048 ஷேடர் (காட்சியைக் கணக்கிடும் சிறு அலகு) மட்டுமே உள்ள கார்டுகளை 2304 ஷேடர் உள்ள ஆர்எக்ஸ் 580 என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. ஓடும் இயந்திரத்தில் ஜிபியு-இசட்டைப் போட்டுக் காட்ட மறுக்கிறவரிடம் வாங்க வேண்டியதில்லை.

கார்டு மனக்குறையோடு போயிற்று, காசு கரைந்தது எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியில். எங்கள் வீடு சோமனூர் பக்கம். வீட்டை ஒட்டியே அப்பாவின் தறிக்கூடம் இருக்கிறது. கம்ப்யூட்டர் வந்த முதல் வாரத்திலிருந்தே, ஆட்டம் சூடு பிடிக்கும் நேரம் பார்த்துத் திரை கறுத்து, தானாகவே மறுபடி பூட் ஆகத் தொடங்கியது. கடைக்காரர் டிரைவர் பிரச்சினை என்றார், பிறகு விண்டோஸ் பிரச்சினை என்றார், கடைசியில் நான் ஆடும் கேமே சரியில்லை என்றார். சொன்னதையெல்லாம் செய்தேன். விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல் பவர் 41' என்று சிவப்பாக ஒரு பதிவு ஒவ்வொரு முறையும் வந்தது. அது முறையாக நிறுத்தப்படாமல் கம்ப்யூட்டர் அணைந்தது என்று மட்டும் சொல்லுமே தவிர, ஏன் அணைந்தது என்று சொல்லாது. கார்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்க்கலாம் என்றால், ரைசன் 5 5600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாமல் திரையே வராது. இன்டெலில் எஃப் என்ற எழுத்தில் முடியும் பிராசசர்களும் இப்படித்தான். விலை குறைவு என்பதால் எல்லாரும் அவற்றையே பரிந்துரைக்கிறார்கள், ஆனால் கோளாறு எங்கே என்று தனியாளாகத் தேடும்போதுதான் அந்தச் சேமிப்பின் விலை தெரியும். கடைசியில் கார்டை அவிநாசியில் ஒரு நண்பனின் கம்ப்யூட்டரில் மாட்டி மாலை முழுக்க ஆடிப் பார்த்தோம். ஒரு குறையும் இல்லை.

வழி காட்டியவர் கம்ப்யூட்டர்காரர் அல்லர், தறிக்கு மோட்டார் பார்க்க வரும் எலக்ட்ரீசியன் அண்ணன். கேபினெட்டின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொன்னார். கார்டின் 8 பின் கனெக்டருக்குள் நுழைந்திருந்தது எஸ்எம்பிஎஸ்ஸின் சொந்த ஒயர் அல்ல; ஹார்டு டிஸ்குக்குப் போகும் நான்கு பின் மோலக்ஸ் ஒயரில் ஒரு கன்வெர்ட்டரை மாட்டி 8 பின்னாக மாற்றியிருந்தார்கள். அந்தக் கன்வெர்ட்டரின் மஞ்சள் ஒயர் இருக்கும் இடத்தில் வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, லேசாக இளகி, முகர்ந்தால் கருகல் வாடை அடித்தது. கேமை ஓடவிட்டு, சும்மா தொங்கிய இன்னொரு மோலக்ஸில் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் மல்டிமீட்டர் முனைகளை வைத்தார். "இதுல பன்னண்டுங்களா வரோணும்? பதினொண்ணு சொச்சந்தான் கண்ணு காட்டுது" என்றார். கண்ணெதிரே 11.1-க்கும் 11.2-க்கும் இடையில் எண் ஆடிக்கொண்டிருந்தது. 12 வோல்ட் தடத்தில் ஐந்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம் என்பது விதி, அதாவது 11.4-க்குக் கீழே இறங்கவே கூடாது. (முனைகள் ஒன்றோடொன்று உரசினால் ஷார்ட் ஆகிவிடும் என்பதால், பழக்கமில்லாதவர்கள் இதைத் தாமாகச் செய்ய வேண்டாம்.)

பிறகு எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி லேபிளைப் படித்தேன். பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. கீழே சிறிய கட்டத்தில் 12 வோல்ட்டுக்கு நேராக 16 ஆம்பியர் என்று போட்டிருந்தது. பன்னிரண்டைப் பதினாறால் பெருக்கினால் 192 வாட். கார்டுக்கு மட்டும் 170 வாட் வேண்டும். பிராசசர் முழு வேகத்தில் 76 வாட் வரை இழுக்கும். இரண்டுக்குமே 12 வோல்ட்டில்தான் மின்சாரம் போகிறது. ஆக 246 வாட் கேட்கிற இயந்திரத்துக்கு 192 வாட் தருகிற பெட்டியை வைத்து, மேலே 450 என்று எழுதி விற்றிருக்கிறார்கள். எஸ்எம்பிஎஸ் வாங்கும்போது பெரிய எண்ணைப் பார்க்காமல் அந்தச் சிறிய கட்டத்தைப் பாருங்கள் என்பதுதான் நான் யாருக்கும் முதலில் சொல்வது. 550 வாட் என்று சொல்லும் தரமான ஒன்றில் 12 வோல்ட் தடத்தில் 45 ஆம்பியர் அளவுக்கு இருக்கும், கார்டுக்கான 8 பின் ஒயர் அதிலிருந்தே நேராக வரும். '80 பிளஸ் பிரான்ஸ்' என்ற முத்திரை மின்சாரம் எவ்வளவு வீணாகாமல் மாறுகிறது என்பதைத்தான் சொல்கிறது; பாதுகாப்புக்கு அது சான்றிதழ் அல்ல, இருந்தாலும் பெயரில்லாத டப்பாக்களை ஒதுக்க உதவும்.

புதிய எஸ்எம்பிஎஸ்ஸுக்குச் சொல்லிவிட்டு வந்த அன்றைக்கே, நான் ஆடாமல் வெறுமனே ஒரு கோப்பை இறக்கிக்கொண்டிருந்தபோது, பட்டென்று ஒரு சத்தத்துடன் பழையது வெடித்து நின்றது. புதியதை 5,400 ரூபாய்க்கு வாங்கி மாட்டியும் போர்டில் உயிர் வரவில்லை. கனெக்டர் பக்கத்தில் நகக்கண் அளவுக்கு ஒரு கருந்தடம் இருந்தது. போர்டுக்கு மூன்று ஆண்டு வாரண்டி உண்டு, ஆனால் எரிந்த தடம் இருந்தால் வாரண்டி செல்லாது என்று சர்வீஸ் சென்டரில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார்கள். எரித்த எஸ்எம்பிஎஸ் மேல் கேட்கலாம் என்றால், பில்லில் 'கேபினெட் வித் எஸ்எம்பிஎஸ்' என்பதற்கு மேல் பெயரும் இல்லை, சீரியல் எண்ணும் இல்லை, வாரண்டியும் இல்லை. புதிதாக ஒரு பி550 போர்டு 9,200 ரூபாய். பிராசசரும் கார்டும் பிழைத்தது தெய்வாதீனம். அந்த ஒரு வாரம் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அப்பா மட்டும், தறியில் பழைய மோட்டார் எரிந்த கதைகளைச் சொல்லித் தேற்றினார். பில்லைப் பற்றி இதையும் சொல்ல வேண்டும். ஜிஎஸ்டி 18 சதவீதம் என்பதால் பில் இல்லாமல் சில ஆயிரம் குறைத்துத் தருகிறேன் என்று பல கடைகளில் கேட்பார்கள். பில் வாங்குங்கள், ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரியும் சீரியல் எண்ணும் போட்டு வாங்குங்கள். வெளிநாட்டிலிருந்து வந்த பொருளாக இருந்தால் இந்தியாவில் வாரண்டி செல்லுமா என்பதைச் சீரியல் எண்ணைக் கொண்டு முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

எலக்ட்ரீசியன் அண்ணன் இன்னொன்றையும் கண்டுபிடித்தார். வீட்டைக் கூட்டும்போது கேபினெட்டில் கை பட்டால் ஜிவ்வென்று இழுப்பதாக அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார், நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. என் அறையின் பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டைகள் இருந்தன, மூன்றாவதன் பின்னால் எர்த் ஒயரே இல்லை. எஸ்எம்பிஎஸ்ஸின் நுழைவாயிலில் உள்ள வடிகட்டிக் கண்டென்சர்கள் எர்த்தை நம்பித்தான் வேலை செய்கின்றன. எர்த் இல்லாவிட்டால் ஏறத்தாழ பாதி வோல்ட்டேஜ் கேபினெட்டில் மிதந்துகொண்டிருக்கும். பழைய வீடுகளில் ஒயர் இருந்தாலும் எர்த் குழி வறண்டு போயிருக்கும். தறிக்கூடத்துக் குழிக்குச் சித்திரை வைகாசியில் தவறாமல் தண்ணீர் ஊற்றும் நாங்களே வீட்டுக் குழியை மறந்திருந்தோம். யுபிஎஸ் கதையும் இதே வகைதான். 600 விஏ என்று வாங்கியது உண்மையில் 360 வாட் அளவுக்கே தாங்கும். கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து 300-ஐத் தொட்டு, கார்டு கண நேரம் எகிறிக் கேட்கும்போதெல்லாம் கீச்சென்று கத்தி அணைந்துவிடும். கரண்ட் போய்த் திரும்பி வந்து தறிகள் ஒன்றாக எடுக்கும் நேரத்தில் எங்கள் வீட்டு விளக்கே மங்கும், அப்போது இதன் பாடு சொல்லவே வேண்டாம். பழையதைக் கொடுத்து 3,000 ரூபாய் சேர்த்து 1100 விஏ வாங்கினேன். வாங்கும்போது உங்கள் கேபினெட்டையே கடைக்கு எடுத்துப்போய், கேம் ஓடும்போது மெயினை நிறுத்திப் பார்த்து வாங்குவது நல்லது. மலிவான யுபிஎஸ் தரும் கரடுமுரடான அலையைச் சில எஸ்எம்பிஎஸ்கள் ஏற்றுக்கொள்வதில்லை.

ரேமைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. '16 ஜிபி' என்று எழுதியதால் ஒற்றைக் குச்சியாகப் போட்டிருந்தார்கள். இரண்டு எட்டாகப் போட்டிருந்தால் இரண்டு தடங்களிலும் ஓடியிருக்கும். அதே மாடலில் இன்னொரு குச்சி 2,100 ரூபாய். கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்காததால் 3200 வேகமுள்ள ரேம் 2400-இல் ஓடிக்கொண்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைத் திறந்தால் வேகமும் எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது என்பதும் தெரியும். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டியின் வரியில், வேகமான வகையைக் குறிக்கும் என்விஎம்இ என்ற சொல் இருக்கிறதா என்று பாருங்கள், எம்.2 என்ற அதே சிறு பலகை வடிவத்திலேயே மெதுவான சாட்டா வகையும் உண்டு.

எந்த எஸ்டிமேட்டிலும் எழுத முடியாதது எங்கள் ஊர்ப் பஞ்சு. தறிக்கூடத்தை ஒட்டிய வீடுகளில் இருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சன்னல் கம்பியில் விரலை வைத்தால் வெள்ளையாக ஒட்டும். ஆடிக் காற்றில் அது இன்னும் மோசம். தீபாவளிக்கு முன்பு கார்டின் சூடு 83 டிகிரிக்கு ஏறி, வேகம் தானாகக் குறைந்து, விசிறிச் சத்தம் தறிச் சத்தத்தோடு போட்டி போட ஆரம்பித்தது. உள்ளே பார்த்தால், கார்டின் அலுமினியத் தகடுகளுக்கு இடையில் மெல்லிய கம்பளி விரித்ததுபோல் பஞ்சு படிந்திருந்தது. சாதாரணத் தூசி பறந்துவிடும், பஞ்சு ஒன்றையொன்று பின்னிக்கொண்டு தகடாகிவிடும். முன்பக்கம் கண்ணாடி மூடிய அழகான கேபினெட்டுகள் எங்கள் பகுதிக்கு ஆகாது. முன்பக்கம் முழுக்க வலையாக, கழற்றிக் கழுவக்கூடிய நைலான் வடிகட்டியுடன் இருப்பதை வாங்க வேண்டும். உள்ளே காற்றை இழுக்கும் விசிறிகள் வெளியே தள்ளுபவற்றைவிட ஒன்று அதிகமாக இருந்தால், கண்ட இடுக்குகள் வழியாகப் பஞ்சு நுழையாமல் வடிகட்டி வழியாக மட்டுமே காற்று வரும். சுத்தம் செய்யத் தறிக்கூடத்துக் கம்ப்ரசரைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், அதன் காற்றில் ஈரம் இருக்கும். சிறிய புளோவரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். ஊதும்போது விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்றவிட்டால் பேரிங் கெட்டுவிடும்.

கோபியில் இருக்கும் அத்தை மகன் இப்போது ஒன்று வாங்கியிருக்கிறான். அவனுக்காக நானே ஒவ்வொரு வரியையும் முழுப் பெயர், மாடல் எண், நினைவக அளவு, 12 வோல்ட் ஆம்பியர் உட்பட எழுதி, காந்திபுரத்திலேயே மூன்று கடைகளில் கொடுத்து விலை கேட்கச் சொன்னேன். இரண்டு கடைகளில் இவ்வளவு விவரமெல்லாம் எழுதித் தர முடியாது என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மூன்றாவது கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வரிவரியாகப் படித்து, ஒரு போர்டின் மாடலில் நான் எழுதியிருந்த எழுத்துப் பிழையைத் திருத்தி, மற்றவர்கள் சும்மா சொன்ன விலையைவிட 1,800 ரூபாய் கூடுதலாகப் போட்டுக் கையெழுத்திட்டுத் தந்தார். அங்கேயே வாங்கிவிட்டோம். எர்த் குழியைச் சரிசெய்ய எலக்ட்ரீசியன் வரும்வரை பெட்டிகளைப் பிரிக்கக் கூடாது என்று சொல்லியிருப்பதால், அத்தை மகன் தினமும் என்னைப் போனில் திட்டிக்கொண்டிருக்கிறான்.